படகுக்காரரிடம் சொல்ல வேண்டிய வார்த்தை

மூடியைத் திருகும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும், அம்மா. வரவில்லை என்றால் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். கடைக்காரர் நெஞ்சில் கை வைத்து, நல்ல தண்ணீர் என்று சத்தியம் செய்வார். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எகிப்தில் முதல் பாடம் அதுதான். கையேட்டில் இரண்டாம் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன்.

இங்கே உட்காரலாம் அல்லவா? உங்கள் வீட்டு சார் வருவதாக இருந்திருந்தால் இது அவருடைய இடம். அவர் வரவில்லை என்று ஆன பிறகு சும்மாதானே கிடக்கிறது. திருவனந்தபுரம் வரைக்கும்தான். ஏர்போர்ட்டில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஒரு தடவை சரிபார்த்து, வாசலில் விட்டுவிட்டு நான் திரும்ப வேண்டும். இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கிற வேலை அவ்வளவுதான்.

ஆமாம், திரும்ப வேண்டும். கையேட்டை எழுதியவன் வரவில்லை. கையேட்டை முழுதாகப் படிக்காதவன் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறான். அதோ, டிரைவர் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, பிரிட்டோ. அவன்தான்.

ஜன்னலைச் சாத்தட்டுமா? ஆரல்வாய்மொழி வரப்போகிறது. காற்றாலைகள் தெரிய ஆரம்பித்தாலே காற்று முகத்தில் அறையும். திறந்தே இருக்கட்டுமா? சரி. உங்களுக்கு வெளியே பார்க்கப் பிடிக்கும். எனக்குத் தெரியும்.

நான் எழுதிவைத்துப் படிக்கிற மாதிரி பேசுகிறேன் என்று நினைக்கிறீர்களோ? எல்லோரும் சொல்வார்கள். "ஏல நாயகம், நீ டீ கேட்டாக்கூட ரேடியோ நியூஸ் மாதிரில இருக்கு" என்பான் பிரிட்டோ. எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் போனவன் நான்தான், அம்மா. தப்பாகப் பேசிவிடுவேனோ என்று பயந்து பயந்து, பேச்சே இப்படி ஆகிவிட்டது. கோமதிநாயகம், எம்.ஏ. வரலாறு. கல்யாணப் பத்திரிகைகளில் சித்தப்பா அப்படித்தான் போடச் சொல்கிறார்.

கேட்டீர்களா அவன் சொல்வதை? "பயணப் பெருமக்களே, ஷூவப் போடும் முன்னாடி ஒரு உதறு உதறுங்க. தேள் விழுந்தா பயப்படாதீங்க. நம்ம நாயகத்துக்கு ஒரு போனப் போடுங்க. தேளுக்குன்னு அவன் தனியா ஒரு கையேடு வச்சிருக்கான்!"

எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தத் தேள் குறிப்பு என்னுடையது. பாலைவனத்தில் கூடாரத்தில் தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் அது. நீங்கள் ஓட்டலில்தான் தங்கப்போகிறீர்கள், அதனால் உங்களுக்குத் தேவைப்படாது. அதையும் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தேன். அவன் அடைப்புக்குறியைப் படிக்கவில்லை.

ஒரு வருஷமாக எழுதினேன் அம்மா. ஆபீஸில் சேர்ந்த முதல் நாளே அண்ணாச்சி கூப்பிட்டுச் சொன்னார். "தம்பி, நம்ம ஊர் ஆளுங்கள இதுவரைக்கும் காசி, ராமேஸ்வரம்னு கூட்டிட்டுப் போனோம். இனிமே எகிப்து. நீ வரலாறு படிச்சவன். ஒரு புஸ்தகம் போட்டுக் குடு. மொதக் குரூப்போட நீயும் போற." அண்ணாச்சி என்றால் எங்கள் ஓனர். அந்த 'நீயும் போற'வைப் பிடித்துக்கொண்டுதான் நான் ராப்பகலாக உட்கார்ந்தேன்.

புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை. கெய்ரோவில் தாரிக் என்று ஒரு வழிகாட்டி இருக்கிறார். நாளைக்கு உங்களை ஏர்போர்ட்டில் வரவேற்கப் போகிறவர் அவர்தான். மீசை நரைத்திருக்கும். அவருக்கு நான் கேள்வி அனுப்புவேன், அவர் குரலில் பதில் அனுப்புவார். கெய்ரோவில் சிக்னல் இல்லாத ரோட்டை எப்படிக் கடப்பது? குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வரும்வரை நில், அவள் பக்கத்திலேயே நட என்றார். கையேட்டில் இருக்கிறது. ஒட்டகக்காரரிடம் எப்படிப் பேசுவது? ஏறுவதற்கு முன்னாலேயே, இறங்குவதற்கும் சேர்த்துத்தான் இந்தக் காசு என்று பேசிக்கொள், இல்லாவிட்டால் மேலே உட்காரவைத்துவிட்டுக் கீழே நின்று கேட்பான் என்றார். அதுவும் இருக்கிறது. போலீஸ்காரரையும் பாலத்தையும் படம் எடுக்கக் கூடாது. பாலைவனம் என்றதும் நம் ஆட்கள் மெல்லிசான சட்டையாக அடுக்குவார்கள். தை மாசத்து விடியற்காலையில் அங்கே பல் கிட்டும், குரங்குக் குல்லா வேண்டும். எல்லாம் இருக்கிறது.

இல்லாதது ஒன்றே ஒன்றுதான்.

அஸ்வானில் சாயங்காலம் பாய்மரப் படகில் ஏறுவீர்கள். எந்தக் குழுவாக இருந்தாலும் நைல் நதியில் ஒரு சுற்று சுற்றி, ஏறின கரையிலேயே இறக்கிவிடுவார்கள். ஆனால் ஏறும்போதே படகுக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவர் படகை வேறு பக்கம் திருப்புவாராம். ஒரே ஒரு வார்த்தை, அவர்கள் பாஷையில். தீவுக்குப் பின்பக்கம் கொண்டுபோய்ப் பாயைச் சுருட்டிவிடுவாராம். அங்கே என்ன இருக்கிறது என்றும் தாரிக் சொன்னார். சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது. "இதை எழுதாதே, நீ வரும்போது சொல்வதற்கு வைத்துக்கொள்" என்றார். நானும் எழுதவில்லை. எழுதினால் அடுத்த மாசமே எல்லாக் கம்பெனிக்காரர்களும் அங்கே போய் நிற்பார்கள்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், அம்மா. ஏன் உங்களுக்கு என்றால், அன்றைக்கு அறிமுகக் கூட்டத்தில் எல்லோரையும் தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னோம் அல்லவா? நீங்கள் எழுந்து, "முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தேன். எல்லா ஊருக்கும் லைன் போட்டுக் குடுத்திருக்கேன். நான் எந்த ஊருக்கும் போனதில்ல" என்றீர்கள். சார் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அப்போதே நினைத்துக்கொண்டேன், படகில் இந்த அம்மாவை முன்பக்கமாக உட்காரவைக்க வேண்டும் என்று.

இறங்குவதற்குள் சொல்கிறேன். நான் மறந்தாலும் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள். இப்போது சொன்னால் அந்தப் பின்சீட்டு மாமா காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்.

அதற்கு முன்னால் ஒரு முக்கியமான விஷயம். உங்கள் பெட்டியில் கசகசா இருக்கிறதா?

சிரிக்காதீர்கள். நீங்கள் வளைகுடா வழியாக விமானம் மாறிப் போகிறீர்கள். அங்கே கசகசா போதைப்பொருள் கணக்கு. நம் வீட்டுக் குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசாதான். தெரியாமல் கொண்டுபோய் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். நம் ஆட்களோ எட்டு நாள் வெளியூர் என்றால் பாதி சமையற்கட்டைக் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள். பொடியில் கலந்திருக்கிறதா? மசாலாப் பொடியா? சாருக்கு என்று அரைத்ததா? கொடுத்துவிடுங்கள். இந்தத் துணிப்பையில் போட்டுக்கொள்கிறேன். வேனில் ஏறியதிலிருந்து இதைத்தான் சேகரித்துக்கொண்டிருக்கிறேன். பாருங்கள், இரண்டு பொட்டலம் கசகசா. ஒரு பைனாகுலர், பல் டாக்டர் கொண்டுவந்தது, அதையும் எகிப்துக்குள் விட மாட்டார்கள். பேரன் கொடுத்துவிட்டான் என்று ஒருவர் பறக்கிற கேமராவே வைத்திருந்தார், எகிப்தில் அதற்கு உள்ளே வைத்துவிடுவார்கள். எல்லாம் என்னோடு திருநெல்வேலிக்குத் திரும்பிவரும். உங்கள் பொடியை நானே வீட்டில் கொண்டுபோய் சாரிடம் கொடுத்துவிடுகிறேன்.

சார் உடம்புக்கு இப்போது ஒன்றும் இல்லையே? கடைசி நேரத்தில் ஏன் வரவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. அவர்தான் கூட்டத்தில் நிறையக் கேள்வி கேட்டார். "தம்பி, எனக்கு நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்கு. பிரமிடுக்குள்ள போலாமா?" என்று கேட்டார். நான் மறைக்கவில்லை. உள்ளே போகிற பாதை குனிந்தே ஏற வேண்டியது, காற்று கம்மி, பாதியில் திரும்ப முடியாது, பின்னால் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள் என்று சொன்னேன். உடனே அவர் விளையாட்டாக, "சரிப்பா, அங்கயே மண்டையப் போட்டுட்டா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கேள்வி என்று வந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டும். பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்த பழக்கம் எனக்கு இல்லை அம்மா, பள்ளிக்கூடத்திலிருந்தே இல்லை. அந்த விஷயத்தையும் நான் தாரிக்கிடம் கேட்டு வைத்திருந்தேன். தூதரகத்துக்கு யார் தகவல் சொல்வது, எந்த ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள், உடம்பைப் பதப்படுத்திப் பெட்டியில் வைக்க எவ்வளவு நாள் ஆகும், வெள்ளிக்கிழமை நடந்தால் ஏன் தாமதமாகும், கூடப் போன மனைவி அதுவரைக்கும் எங்கே தங்க வேண்டும், என்னென்ன காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சாரைப் பார்த்துத்தான் சொன்னேன். மண்டபமே அமைதியாகிவிட்டது. அவ்வளவு கவனமாகக் கேட்டார்கள். நீங்கள் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கூட்டத்தில் என்னை அவ்வளவு கூர்ந்து பார்த்தது நீங்கள் ஒருவர்தான். எனக்கு அது பெரிய தைரியமாக இருந்தது.

அந்த வாரம் ஏழெட்டுப் பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நல்லதுதானே? யோசித்துப் பார்த்து முடிவெடுத்திருக்கிறார்கள். அண்ணாச்சிதான் முகத்தைத் தூக்கிக்கொண்டார். "நீ என்னப்பா எகிப்துக்குக் கூட்டிட்டுப் போறியா, எமலோகத்துக்கா?" என்றார்.

பிறகு பிரிட்டோவை வைத்து இன்னொரு கூட்டம் போட்டார்கள். என்னைப் பின்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். நீங்கள் வந்திருந்தீர்கள், சார் வரவில்லை. பிரிட்டோ என் கையேட்டைத்தான் கையில் வைத்திருந்தான். ஒவ்வொரு குறிப்பாக வாசித்து ஒவ்வொன்றையும் ஜோக் ஆக்கினான். "செத்துப்போனா என்ன செய்யன்னு கவலப்படாதீங்க. உடம்பப் பத்திரமா வச்சிருக்கதுல அந்த ஊர்க்காரன விட்டா ஆளே கிடையாது. அஞ்சாயிரம் வருஷ கியாரண்டி!" என்றான். மண்டபம் அதிர்ந்தது. விலகிப்போனவர்களில் பாதிப் பேர் அங்கேயே மறுபடி பேர் கொடுத்தார்கள். நீங்கள்கூடக் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. இல்லை, நான் தப்பாகப் பார்த்திருப்பேன்.

அவனும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். என் அம்மா கட்டிக்கொடுக்கிற சோற்றில் பாதி மூன்று வருஷமாக அவன் வயிற்றுக்குள்தான் போனது. இந்த வேலைக்கு அவனைச் சொல்லிவிட்டதே நான்தான். "ரெண்டு பேரும் பிரமிடு முன்னால நின்னு ஒரு போட்டோ எடுப்போம்ல, நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்புவோம்" என்று அவன்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

போன வாரம் அண்ணாச்சி கூப்பிட்டார். அதற்கு முந்தின நாள் நீங்கள்கூட ஆபீஸுக்கு போன் செய்திருந்தீர்கள். நான்தான் எடுத்தேன். ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, நான் நாயகம், சொல்லுங்க" என்றேன். நீங்கள் என் பெயரை ஒரு தடவை திருப்பிக் கேட்டீர்கள். பிறகு, "ஓனர்ட்ட குடுங்க தம்பி" என்றீர்கள். சார் டிக்கெட் விஷயமாக இருக்கும் என்று உடனே லைனைப் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் அந்தக் காலத்தில் செய்த வேலை.

மறுநாள் அண்ணாச்சி சொன்னார். "நாயகம், நீ இந்தத் தடவ போக வேண்டாம். ஒரு பாசஞ்சர் கண்டிஷனாச் சொல்லிட்டாவ. அந்தத் தம்பி வந்தா நான் வரலன்னு. நான் என்னப்பா செய்ய?"

யார் என்று கேட்டேன். சொல்லவில்லை.

சாயங்காலம் பிரிட்டோ என்னைப் பரோட்டாக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். "மச்சான், நான் மூணு தடவ பேசிப் பாத்துட்டேன்ல. அவிய ஒத்துக்கவே மாட்டேங்காவ" என்றான். அவிய என்றால் யார் என்று கேட்டேன். "விடுல. பேரச் சொன்னா நாளைக்கு நீ அவிய மூஞ்சில எப்படி முழிப்ப?" என்றான். சால்னாவை என் தட்டில் ஊற்றினான். நான் சாப்பிடவில்லை.

அம்மா, நான் வரலாறு படித்தவன். ஆதாரம் இல்லாததை நம்ப மாட்டேன். இல்லாத ஆளுக்கு எங்கேயிருந்து பெயர் வரும்? பிரிட்டோ கதை கட்டிவிட்டிருக்கிறான். நான் இல்லை என்றால் குழுவுக்கு அவன் ஒருவன்தான் தலைவன். மைக் அவன் கையில் மட்டும்தான் இருக்கும். நீங்களே சொல்லுங்கள், உண்மையைச் சொன்னான் என்பதற்காக ஒருவனைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள் என்று யாராவது சொல்வார்களா? அதுவும் இந்த வேனில் இருக்கிறவர்கள்? எல்லோரும் படித்தவர்கள், பெரியவர்கள். அப்படி ஒரு மனுஷர் இருக்கவே முடியாது.

உங்களுக்கு வியர்க்கிறதே. வேன் குலுக்குகிறது, அதனால் இருக்கும். புளிப்பு மிட்டாய் இருக்கிறது, வாயில் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் கையேட்டில் போட்டதுதான்.

மேலே பாருங்கள், நீலக் கலரில் ஒரு பெட்டி. கைப்பிடியில் மஞ்சள் கயிறு கட்டியது. அது என்னுடையது. ஆமாம், பெட்டியோடுதான் வந்திருக்கிறேன்.

வீட்டில் சொல்லவில்லை, அம்மா. எப்படிச் சொல்வது? அப்பா லாரி செட்டில் மூட்டை ஏற்றுகிறவர். அம்மா பீடி சுற்றுகிறாள். பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ்காரர் விசாரிக்க வந்த அன்றைக்குத் தெருவே கூடிவிட்டது. என்னமோ திருட்டு கேஸ் என்று எதிர்வீட்டுக்காரி நினைத்துவிட்டாள். அம்மா வாசலில் நின்று, "எம்புள்ள எகிப்துக்குப் போறான், அதுக்கு வந்திருக்காவ" என்று தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பீடிக் கம்பெனியில் கட்டுக் கொடுக்கப் போகிற இடத்திலும் சொல்லிவிட்டாள். அங்கே எகிப்து எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. துபாய்க்கு அடுத்த ஸ்டாப் என்று சொல்லியிருக்கிறாள்.

இன்றைக்குக் காலையில் திருநீறு பூசிவிட்டாள். புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். அப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். சக்கரம் வைத்த பெட்டி அம்மா, உருட்டலாம். உருட்டினால் தேய்ந்துபோகும் என்று தலையில் வைத்துக்கொண்டார். "ஒட்டகத்து மேலல்லாம் ஏறாத" என்றார். அவ்வளவுதான்.

நான் பொய் சொல்லவில்லை. "போயிட்டு வாரேன்" என்றேன். போகிறேன்தானே, ஏர்போர்ட் வரைக்கும். திருவனந்தபுரத்தில் கூடப் படித்தவன் ஒருவன் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். எட்டு நாளும் அங்கே இருந்துவிட்டு, நீங்கள் திரும்பி வரும் அன்றைக்கு இதே வேனில் ஏறிக்கொள்வேன். இறங்கியதும் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறாள் அம்மா. அதற்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

நாகர்கோவில் தாண்டி, மார்த்தாண்டமும் தாண்டிவிட்டோம். இனிமேல் நேரம் அதிகம் இல்லை. நான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது தண்ணீர் பாட்டிலைப் பற்றிச் சொல்வதற்காக மட்டும் இல்லை, அம்மா. நீங்கள் புரிந்துகொண்டிருப்பீர்கள்.

என் டிக்கெட் இன்னும் ரத்தாகவில்லை. விசா கையில் இருக்கிறது. காலையில் வேன் கிளம்பும்போது அண்ணாச்சி ஜன்னல் பக்கம் வந்து சொன்னார். "டிக்கெட் பிரிட்டோ கைல இருக்கு. ஏர்போர்ட்டுக்குள்ள போற வரைக்கும் டைம் இருக்கு. அவிய மனசு மாறி, தம்பியும் வரட்டும்னு எனக்கு போன்ல ஒரு வார்த்தை சொன்னா நீ ஏறிக்க." அவருக்கும் என்மேல் கோபம் இல்லை. அந்தப் பொய்யை நம்பிவிட்டார், அவ்வளவுதான்.

இல்லாத ஆள் எப்படி மனசு மாறும்? அதனால் நான் ஒன்று யோசித்தேன். பயணிகளில் மதிப்பான ஒருவர் அண்ணாச்சிக்கு போன் செய்து, "எங்களுக்கு அந்தத் தம்பி வந்தால் நல்லது" என்று சொன்னால் போதும். அந்தப் புகார் பொய் என்று அவருக்கே தெரிந்துவிடும். பல் டாக்டரிடம் கேட்டேன். "பாப்போம் தம்பி" என்று பைனாகுலரை என் கையில் கொடுத்தார். பின்சீட்டு மாமாவிடம் கேட்டேன். அவர் உங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். எதற்காக உங்களைப் பார்த்தார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. இந்த வேனில் நியாயத்தைப் பேசக்கூடியவர் நீங்கள்தான் என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு வார்த்தைதான், அம்மா. என்னிடம் போன் இருக்கிறது, நானே நம்பரைப் போட்டுத் தருகிறேன். நீங்கள் பேசினால் மட்டும் போதும். நான் உங்களுக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்க மாட்டேன். உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வருவேன். சார் இல்லாத குறை தெரியாமல் பார்த்துக்கொள்வேன்.

இந்தாருங்கள். ரிங் போகிறது.

ஏன் அம்மா கட் செய்துவிட்டீர்கள்?

என்ன?

இல்லை, எனக்குக் காது கேட்டது. நீங்கள் சொன்னது கேட்டது. நீங்கள்தானா?

அன்றைக்கு போனில் ஓனரைக் கேட்டது அதற்குத்தானா? நான் லைன் போட்டுக் கொடுத்த அந்த போனிலா?

பிரிட்டோவைக் காப்பாற்றுவதற்காக ஒன்றும் நீங்கள்... இல்லை. சரி. சொல்லுங்கள். கேட்கிறேன்.

ம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதிலிருந்து சார் தூங்கவே இல்லையா? வெள்ளிக்கிழமை நடந்தால் தாமதமாகும் என்று சொன்னதையேவா திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்? நான் சாரைப் பயமுறுத்துவதற்காக... அவர் கேட்டார் அம்மா. அவர் கேட்டதால்தான் சொன்னேன்.

ம். பெட்டியைப் பிரித்து அவருடைய சட்டைகளை மட்டும் எடுத்துத் திரும்பப் பீரோவில் வைத்தது நீங்களா. ம்.

உங்களுக்கு என்மேல் கோபம் இல்லை. புரிகிறது. என் முகத்தைப் பார்த்தால் அந்தச் சவப்பெட்டி, அந்தக் காகிதம், அதுதான் ஞாபகம் வரும். இந்த எட்டு நாளாவது சாவைப் பற்றி நினைக்காமல் ஒரு ஊரைப் பார்க்க வேண்டும். நியாயம்தான். அதைத் தப்பென்று நான் எப்படிச் சொல்வேன்?

இல்லை, அம்மா. இப்போதும் மனசு மாறவில்லை என்றால் மாறவில்லைதான். போன் செய்ய வேண்டாம். நான் போனை உள்ளே வைத்துவிட்டேன், பாருங்கள்.

என் அம்மாவைப் பற்றிச் சொன்னதற்காக நீங்கள் அழ வேண்டாம். அதை நான் அதற்காகச் சொல்லவில்லை.

ஏர்போர்ட் வந்துவிட்டது. பிரிட்டோ மைக்கை அணைத்துவிட்டான். இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். இவ்வளவு நாளும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது, யார் என்று. சொல்லவில்லை. மைக்கில் என்னைக் கேலி செய்துகொண்டே, என் டிக்கெட்டை இன்னும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். எட்டிப் பார்க்கிறது.

உங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். சுகந்தி சிவசைலம். சரியாக இருக்கிறது. போட்டோப் பக்கம் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சால்வையைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், விமானத்துக்குள் குளிரும். மாத்திரை கைப்பையில்தானே? நல்லது. மசாலாப் பொடியைச் சாரிடம் சேர்த்துவிடுவேன். வீடு எனக்குத் தெரியும். எட்டு நாள் கழித்துத்தான் தர முடியும், அதுவரைக்கும் நான் ஊரில் இருக்க முடியாது. தவறாக நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

என்ன, அம்மா?

ஆமாம், ஞாபகப்படுத்தச் சொல்லியிருந்தேன். அஸ்வான். படகு.

சாருக்கு போனில் காட்ட வேண்டுமா? அந்த இடத்திலிருந்தா?

அது ஒன்றும் இல்லை அம்மா. சும்மா பேச்சுக்குச் சொன்னேன். அப்படித் தனியாக ஒரு வார்த்தையெல்லாம் கிடையாது. எல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது.

இறங்குங்கள். படி உயரம், பார்த்து.